உடலை எப்போது தருவார்கள்? திடீர் மரணத்தில் போலீஸ் செய்வதும் குடும்பம் கேட்க வேண்டியதும்

குருண், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒருவர் திடீரென இறந்துவிட்டால், வீட்டார் போலீசாரிடம் முதலில் கேட்பது "உடலை எப்ப தருவீங்க?" என்பதுதான். ஜொகூரிலிருந்து மகள் வந்துகொண்டிருப்பார். கூடாரம் போட ஆள் வந்து நிற்பார். மின்சுடலையில் நேரம் கேட்டு வைத்திருப்பார்கள். இதற்கிடையில் யாராவது ஒருவர் கோயில் தலைவருக்கோ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கோ போன் போட்டு, "அறுக்காம குடுத்துடச் சொல்லுங்க ஐயா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

அந்தத் துக்கத்தில் இதெல்லாம் இயல்பு. ஆனால் இறந்தவர் எப்படி இறந்தார் என்பதை யார் எழுதுகிறார், எதைப் பார்த்து எழுதுகிறார் என்ற கேள்வி அந்த அவசரத்தில் காணாமல் போய்விடுகிறது. உடல் எரிந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பெரிதாகப் பயனில்லை.

எந்த மரணத்தில் போலீஸ் வரவேண்டும் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329ஆவது பிரிவு சொல்கிறது. தற்கொலை, பிறரால் கொல்லப்படுதல், விலங்காலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ ஏற்படும் சாவு, சந்தேகத்துக்கு இடமான சாவு, காரணம் தெரியாமல் கண்டெடுக்கப்படும் உடல் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். தகவல் கிடைத்ததும் நிலையப் பொறுப்பதிகாரி மாவட்டப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். உடல் கிடக்கும் இடத்துக்கே போக வேண்டும். வெட்டு, எலும்பு முறிவு, கன்றிய தடம் என உடலில் காணும் அடையாளங்களை அறிக்கையில் எழுத வேண்டும். குருணைப் பொறுத்தவரை மேலே இருப்பது கோல மூடா மாவட்டப் போலீஸ் தலைமையகம். உடல் பெரும்பாலும் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் போகும்.

இயந்திரம், விபத்து என்ற சொற்கள் சட்டத்திலேயே இருப்பதைத் தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பு மின்கம்பியில் உரசி ஒருவர் இறந்தால், டிராக்டர் கவிழ்ந்து ஒருவர் நசுங்கினால், அது நிர்வாகமும் குடும்பமும் தமக்குள் பேசி முடிக்கும் விஷயம் இல்லை. மரணக் காரணம் எப்படிப் பதிவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் சொக்சோவில் மனைவி மக்களுக்கு என்ன கிடைக்கும் என்பது முடிவாகும். வேலையிடத்தில் மின்சாரம் தாக்கி இறந்தவருக்கு வெறும் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டால், பிறகு அந்தக் குடும்பம் படி ஏறி இறங்கும் அலுவலகங்களுக்குக் கணக்கு இருக்காது.

அடுத்து வரும் 330ஆவது பிரிவில்தான் முக்கியமான முடிவு இருக்கிறது. மரணத்தில் சந்தேகம் இருக்கிறது, வேறொருவரின் செயல் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால், அந்த அதிகாரி சவப்பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும். சந்தேகம் எதுவும் இல்லை என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால் உடலை அடக்கம் செய்ய அனுமதிக்கலாம். அதாவது முதல் முடிவை எடுப்பவர் டாக்டர் அல்ல, போலீஸ் அதிகாரி. வீட்டிலேயே ஒருவர் இறந்தால் அடக்க அனுமதிக் கடிதத்தைத் தருவதும் போலீஸ் நிலையம்தான். வயதானவர், நீண்ட நாள் சர்க்கரை நோயாளி என்றால் கிளினிக் அட்டையையும் மருந்துப் பையையும் பார்த்துவிட்டு அனுமதி தருவார்கள். காரணம் என்ற இடத்தில் 'சாகிட் துவா' என்று எழுதப்பட்ட மரணங்கள் நம் வட்டாரத்தில் கொஞ்சநஞ்சமல்ல. எண்பது வயதுத் தாத்தாவுக்கு அது பொருந்தலாம். ஐம்பது வயதுக்காரருக்கு அப்படி எழுதினால் வீட்டார் வாய்திறந்து கேட்க வேண்டும்.

இந்த முடிவை எடுக்கும் அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயம். நம் வழக்கம் உடனே வேலையைத் தொடங்கிவிடுவது. உடலைத் துடைப்போம், உடுப்பை மாற்றுவோம், வாயையும் கால் பெருவிரல்களையும் கட்டுவோம், மஞ்சள் பூசுவோம், தரையைக் கழுவி விடுவோம். பாசத்தில் செய்யும் இந்தக் காரியங்களில் எத்தனையோ தடயங்கள் போய்விடும். இறந்த பிறகு இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கம் இறங்கி நிறம் காட்டும். சில மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். உடல் எந்த நிலையில் கிடந்தது, பிறகு யாரும் நகர்த்தினார்களா என்பதை டாக்டர் அதிலிருந்து கணிப்பார். நகக்கண்ணில் அடுத்தவர் தோல் ஒட்டியிருக்கலாம். சட்டையில் இருப்பது இறந்தவர் இரத்தம் மட்டும்தானா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். குளிப்பாட்டிய உடலில் இவற்றில் பாதி இருக்காது.

உயிர் இருக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமேனும் இருந்தால் தயங்கவே வேண்டாம். உடனே தூக்கலாம், முதலுதவி செய்யலாம், 999க்கு அழைக்கலாம். உயிர் போனது உறுதி என்றால் உடலையும் சுற்றியுள்ளவற்றையும் தொடாமல் விடுவதுதான் இறந்தவருக்குச் செய்யும் உதவி. விஷம் என்ற சந்தேகம் இருந்தால் புட்டி, குவளை, வாந்தி எதையும் கழுவக்கூடாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை இருக்கிறது. ஆனாலும் பழைய புட்டிகளும் பெயர் ஒட்டாத புட்டிகளும் கொட்டகைகளில் கிடக்கின்றன. எந்தப் புட்டி என்று தெரிந்தால் ஆய்வுக்கூடத்தின் வேலை பாதியாகக் குறையும்.

தற்கொலை என்று தெரிந்தால் மானம் போய்விடும், போலீஸ் கேசாகிவிடும் என்று மறைக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவே 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. காலஞ்சென்றவர் மீது வழக்கு ஏதும் வராது. மறைப்பதால்தான் கேள்விகள் வளரும். அதோடு, தற்கொலை போலத் தோன்றுகிற ஒன்று அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருமகளோ மகளோ புகுந்த வீட்டில் இறந்துபோன செய்தி வரும்போது பிறந்த வீட்டார் இதை மறந்துவிடக்கூடாது.

போலீசார் வந்த பிறகு நடப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நகர்த்துவதற்கு முன் படம் எடுப்பார்கள். பெரிய வழக்கு என்றால் மாவட்டத்திலிருந்தோ அலோர் ஸ்டாரிலிருந்தோ தடயவியல் பிரிவு வரும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கயிறு இருந்தால் முடிச்சை அவிழ்க்காமல் வேறிடத்தில் வெட்டுவார்கள், ஏனென்றால் முடிச்சும் சாட்சி. போராட்டம் நடந்த அடையாளம் இருந்தால் கைகளைக் காகிதப் பையால் மூடுவார்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் கட்டித் தடயம் கெட்டுப்போகும். பிறகு உடல் பையில் வைத்து, அடையாள அட்டை கட்டி, சவக்கிடங்குக்கு அனுப்புவார்கள். யார் எப்போது யாரிடம் ஒப்படைத்தார் என்பது பதிவாக வேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிக்கிற இடம் அந்தப் பதிவுதான்.

உறவினர்களுக்கு மனம் நோவதும் இந்தக் கட்டத்தில்தான். அம்மாவை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள், யாரையும் தொட விடவில்லை, ஒரு துணி போர்த்தக்கூட விடவில்லை என்று அழுவார்கள். தடயத்தைக் காப்பாற்றுவது வேறு, மரியாதையில்லாமல் நடத்துவது வேறு. திரை கட்டி மறைக்கச் சொல்வதும், கூடியிருப்பவர்கள் கைப்பேசியில் படம் எடுப்பதைத் தடுக்கச் சொல்வதும், தாலி, மோதிரம், கடிகாரம் போன்றவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்வதும் விசாரணைக்குக் குறுக்கே நிற்பவை அல்ல. விசாரணை அதிகாரியின் பெயர், பதவி, தொலைபேசி எண், போலீஸ் புகார் எண் ஆகிய நான்கையும் அங்கேயே ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் அடுத்த ஆறு மாத அலைச்சல் குறையும்.

சவப்பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மருத்துவமனை வாசலில் சண்டை வருகிறது. நோயின் தன்மையை அறிய மருத்துவமனையே செய்ய விரும்பும் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். போலீஸ் உத்தரவில் நடப்பதற்குச் சம்மதம் தேவையில்லை. வாரிசு கையெழுத்துப் போடுவது உடலை அடையாளம் காட்டுவதற்கும் பெற்றுக்கொள்வதற்கும்தான். உத்தரவு போலீசிடமிருந்து வந்த பிறகு, சவக்கிடங்கு ஊழியரிடம் "அறுக்காதீங்க" என்று கெஞ்சுவதில் பயனில்லை. அரசியல்வாதியைப் பிடித்துத் தவிர்த்துவிட்டால் அதைவிடக் கெடுதல். அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். நாற்பதாம் நாள் கழித்து யாரோ ஒருவர் வேறு கதை சொல்லும்போதுதான் தவறு புரியும்.

பரிசோதனை முடிந்ததும் உடல் தைக்கப்பட்டுக் குடும்பத்திடம் தரப்படும். முகம் பொதுவாகப் பார்க்கும்படியாகவே இருக்கும். இரவில் வந்த உடல் என்றால் பெரும்பாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். இரத்தம், சிறுநீர், வயிற்றில் இருந்தவை போன்ற மாதிரிகள் ஜபாத்தான் கிமியா எனப்படும் இரசாயனத் துறைக்குப் போகும். அந்த முடிவு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகலாம். ஆகவே அடக்கம் செய்யும் நாளில் கையில் இருக்கும் காரணம் இறுதிக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 'பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறது' என்ற வாசகத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அவசரமாக ஒரு காரணத்தை எழுதி முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இவ்வளவும் பார்த்து வந்ததற்குக் காரணம் உண்டு. இறந்தவர் போலீஸ் காவலிலேயே இறந்திருந்தால் உடலைக் கையாள்வதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ். அப்போது குடும்பம் என்ன செய்கிறது என்பது எந்த அளவுக்கு முக்கியம் என்பதை மலேசியத் தமிழர்கள் 2009இல் கண்ணெதிரே பார்த்தார்கள்.

ஏ. குகன் என்ற 22 வயது இளைஞர் அந்த ஆண்டு ஜனவரி நடுவில் கார் திருட்டுச் சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா, யு.எஸ்.ஜே. தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். தண்ணீர் கேட்டார், பிறகு சரிந்து விழுந்தார் என்றது போலீஸ். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது. உறவினர்கள் சவக்கிடங்கிற்குள் நுழைந்து உடலைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். முதுகிலும் கால்களிலும் இருந்த காயங்கள் நாடெங்கும் தெரிந்தன. அப்படி நுழைந்தது முறையா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. ஆனால் அந்தப் படங்கள் வெளிவந்த சில நாட்களிலேயே சட்டத்துறைத் தலைவர் அந்த மரணத்தைக் கொலை வழக்காக வகைப்படுத்தினார்.

குடும்பம் செய்த இன்னொரு காரியம்தான் வழக்கைத் தாங்கி நிறுத்தியது. அவர்கள் உடனே ஈமக்கிரியை செய்யவில்லை. இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று நின்று, உடலை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பரிசோதித்த நிபுணர், அடிபட்டுச் சிதைந்த தசைகளிலிருந்து இரத்தத்தில் கலந்த பொருட்களால் சிறுநீரகம் செயலிழந்து மரணம் ஏற்பட்டது என்று கண்டறிந்தார். முதல் அறிக்கையில் சொல்லப்பட்ட காயங்களைவிட இரண்டாவதில் பதிவானவை மிக அதிகம். அதன் பிறகுதான், ஜனவரி 28ஆம் தேதி, பெரும் கூட்டத்தோடு இறுதி ஊர்வலம் நடந்தது. இரண்டு அறிக்கையும் முரண்பட்டதால் சுகாதார அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. இதயத் தசை அழற்சிதான் காரணம், காயங்கள் அதை மோசமாக்கின என்றது அந்தக் குழு. ஆக ஒரே உடலுக்கு மூன்று விளக்கம்.

குற்றவியல் வழக்கில் ஒரே ஒரு கான்ஸ்டபிள் மீது காயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. கொலைக்காக யாரும் கூண்டில் ஏறவில்லை. ஆனால் குடும்பம் போட்ட சிவில் வழக்கில் 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஜனவரி 21ஆம் தேதியே உடலைப் பெற்று எரித்திருந்தால் நீதிமன்றத்தின் முன் இருந்திருப்பது முதல் அறிக்கை ஒன்றுதான்.

எரிப்பது என்ற சொல்லில்தான் நமக்கும் பிறருக்கும் வித்தியாசம். அதே 2009 ஜூலையில் ஷா ஆலாமில், ஊழல் தடுப்பு ஆணையத்தின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் இறந்து கிடந்தார் தியோ பெங் ஹோக். அவரை அடக்கம் செய்திருந்தார்கள். சந்தேகம் தீராததால் நவம்பரில் உடலைத் தோண்டி எடுத்து இரண்டாவது பரிசோதனை நடத்த முடிந்தது. பிறகு 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மரணத்துக்கு அடையாளம் தெரியாத ஒருவரோ பலரோ காரணம், அவர்களில் ஆணைய அதிகாரிகளும் அடங்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வழக்கு போனது. புதைத்த உடலை நீதிமன்ற உத்தரவு பெற்று மறுபடி எடுக்கலாம். மின்சுடலையில் எரிந்த உடலை எந்த உத்தரவும் திருப்பித் தராது. சாம்பலைக் கடலில் கரைத்தபின் தொடங்கும் சந்தேகத்துக்கு மருத்துவமனையில் மீந்திருக்கும் மாதிரிகளும் படங்களும் மட்டுமே துணை. அதனால், சந்தேகம் இருக்கும் குடும்பம் எரிப்பதைத் தள்ளிப்போடுவதோ, அந்த ஒரு முறை மட்டும் புதைப்பதோ மரபை மீறிய காரியம் இல்லை. நம்மிலேயே புதைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

இரண்டாவது பரிசோதனை என்பது கேட்டதும் தானாகக் கிடைக்கும் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவில்லை. போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது. உடலைப் பெற்றுக்கொள்ளும் முன்பே எழுத்துமூலம் விசாரணை அதிகாரிக்கும் மருத்துவமனை இயக்குநருக்கும் மனு கொடுக்க வேண்டும். வாய்ச்சொல் எங்கும் பதிவாகாது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அன்றே அணுகுவது நல்லது. மூன்று நாள் கழித்துப் போனால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. சவப்பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உடலைப் பார்க்க அனுமதி கேட்கலாம். முதல் நாள் மங்கலாக இருக்கும் கன்றல்கள் அடுத்த நாள் தெளிவாகத் தெரிவது உண்டு என்பதால் இரண்டாவது தடவை பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

காவலில் நேரும் மரணத்துக்கு 334ஆவது பிரிவு தனியாக ஒரு கட்டளை வைத்திருக்கிறது. காவலில் வைத்திருந்த அதிகாரி உடனே அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் காவல் என்றால் மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும்; 'நடத்தலாம்' என்றல்ல, 'நடத்த வேண்டும்' என்றே சட்டம் பேசுகிறது. 2014 முதல் இதற்கென மரண விசாரணை நீதிமன்றங்கள் மாநிலந்தோறும் அமைக்கப்பட்டு, செஷன்ஸ் நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். 2022 முதல் காவல் மரணங்களை விசாரிக்கப் புக்கிட் அமானில் தனிப் பிரிவும் இயங்குகிறது. அதுவும் போலீஸ் படைக்குள்ளேயே இருக்கும் பிரிவுதானே என்று கேட்பவர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. விசாரணையில் குடும்பம் வழக்கறிஞரை வைத்துச் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். தேதி எப்போது என்று வீடு தேடி வந்து சொல்வார்கள் என்று காத்திராமல், பொறுப்பில் உள்ள துணை அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காவல் மரணம் அல்லாத மற்ற வழக்குகளில் விசாரணை தேவையா என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். தேவையில்லை என்று கோப்பை மூடினாலும் கதவு முழுக்க அடைந்துவிடாது. விசாரணை நடத்தச் சொல்லும் அதிகாரத்தை 339ஆவது பிரிவு அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞருக்குக் கொடுத்திருக்கிறது. நடந்த விசாரணையின் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம்.

கடைசியாகக் காகிதங்கள். அடக்க அனுமதிக் கடிதம் ஒன்று, மரணச் சான்றிதழ் வேறொன்று. ஏழு நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மரணத்தைப் பதிய வேண்டும். குருண்காரர்கள் இதற்குச் சுங்கைப் பட்டாணி போகலாம். சவப்பரிசோதனையின் முழு அறிக்கை போலீசுக்குத்தான் போகும். குடும்பத்துக்கு அது தானாக வராது. நெருங்கிய வாரிசு, உறவை நிரூபிக்கும் பத்திரங்களோடும் போலீஸ் புகார் நகலோடும் விண்ணப்பிக்க வேண்டும். ஈ.பி.எஃப்., சொக்சோ, காப்புறுதி எல்லாவற்றுக்கும் சான்றிதழ் நகல் கேட்பார்கள் என்பதால் பலர் சான்றிதழோடு நின்றுவிடுகிறார்கள். அறிக்கையையும் கேட்டு வாங்கி, மலாயில் உள்ளதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகப் படித்துக் கேட்டுக்கொள்வது நல்லது. இறந்தவரின் உடலில் என்ன இருந்தது என்பது அந்தச் சில பக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கும்.